முன்பக்கப் படம், பின்பக்க வாக்குமூலம்

2007ஆம் ஆண்டு டிசம்பரில் மக்காவ் சூதாட்ட விடுதிகளின் அதிபர் ஸ்டான்லி ஹோ, ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரே ஒரு காளானை 3,30,000 அமெரிக்க டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தார். இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், மண்ணுக்கடியிலிருந்து நாய் மோப்பம் பிடித்துக் காட்டிய வெள்ளை டிரஃபிள் அது. அதே ஆண்டு மே மாதம் சான் பிரான்சிஸ்கோ சமையற்கலைஞர் டேனியல் பாட்டர்சன் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். உயர்தர உணவகங்களில் உருளைக்கிழங்கு வறுவல் மீதும் பாஸ்தா மீதும் சொட்டுச் சொட்டாக விடப்படும் டிரஃபிள் எண்ணெயில் பெரும்பாலும் டிரஃபிளே இல்லை என்றார் அவர். ஆலிவ் எண்ணெயில் 2,4-டைதயாபென்டேன் என்னும் கந்தகச் சேர்மத்தைக் கலந்தால் அந்த மணம் வந்துவிடும். பல வருடங்களாகத் தொழிலில் இருந்த தானே அதை உண்மை என்று நம்பியிருந்ததையும் அவர் மறைக்கவில்லை.

டிரஃபிள் என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது பேக்கரிக் கண்ணாடிக்குள் இருக்கும் சாக்லேட் கேக்தான். கோகோ தூளில் புரட்டிய சாக்லேட் உருண்டை, மண் அப்பிய டிரஃபிளைப் போலத் தோன்றியதால் வந்த பெயர் அது. உண்மையான டிரஃபிள், ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேர்களோடு ஒட்டி உறவாடி மண்ணுக்குள்ளேயே வளர்ந்து முடியும் பூஞ்சை. வெளியே தலைகாட்டாத காரணத்தால் தன் வித்துகளைப் பரப்ப அதற்கு இருக்கும் ஒரே வழி, வாசனையால் விலங்குகளை இழுத்துத் தன்னைத் தோண்டித் தின்னவைப்பது. அந்த வாசனையில் பத்துப் பன்னிரண்டு அல்ல, இன்னும் பல மடங்கு சேர்மங்கள் உண்டு. பூஞ்சைக்குள் வாழும் பாக்டீரியாக்களுக்கும் அதில் பங்கிருக்கிறது. எடுத்த நாளிலிருந்தே மணம் கரையத் தொடங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். எண்ணெயில் ஊறவைத்து மாதக்கணக்கில் அலமாரியில் நிறுத்த அது ஒத்துவராது. அதனால்தான் அத்தனை சேர்மங்களில் ஒன்றை மட்டும் ஆலையில் செய்து ஊற்றுகிறார்கள். சில புட்டிகளின் அடியில் கறுப்புத் துணுக்குகள் கிடக்கும். மலிவான கோடைக்கால டிரஃபிளின் துண்டுகள் அவை. மணத்துக்காக அல்ல, கண்ணுக்காகப் போடப்படுபவை.

இந்த விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. இத்தாலிய நிறுவனமான மொனினி அமெரிக்காவில் விற்ற ‘வெள்ளை டிரஃபிள் ஃப்ளேவர்ட்’ ஆலிவ் எண்ணெயில் டிரஃபிள் துளியும் இல்லை என்று நுகர்வோர் தொடுத்த வழக்கு தள்ளுபடியாகி மேல்முறையீட்டுக்கு வந்தது. நியூயார்க்கில் இருக்கும் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018ல் அந்தத் தள்ளுபடியை உறுதிசெய்தது. நீதிபதிகள் சொன்ன காரணம் இதுதான்: டிரஃபிள் உலகிலேயே மிக விலையுயர்ந்த உணவுகளில் ஒன்று, இந்தப் புட்டியின் விலையோ சாதாரணம், மூலப்பொருள் பட்டியலிலும் டிரஃபிள் என்று இல்லை, ஆகவே, விவரமுள்ள எவரும் இதில் டிரஃபிள் இருப்பதாக எண்ண மாட்டார்.

சட்ட வாதமாக இதில் குறையில்லை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. டிரஃபிளின் விலை தெரிந்தவருக்குத்தான் ‘இது இவ்வளவு மலிவாகக் கிடைக்காது’ என்ற ஐயம் வரும். அந்த விலையைக் கேள்விப்பட்டே இராதவர், பக்கத்தில் இருக்கும் சாதா எண்ணெயைவிட இதற்கு இரண்டு மடங்கு கேட்கிறார்களே, உள்ளே ஏதோ அரிய பொருள் இருக்கிறது போலும் என்றுதான் நினைப்பார். ஏற்கெனவே அறிந்தவருக்குக் காப்பு, அறியாதவருக்குச் செலவு என்று முடிகிறது அந்தத் தீர்ப்பு.

இதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே ஐரோப்பாவில் இதே கேள்விக்கு நேரெதிரான பதில் கிடைத்திருந்தது. டீகானே என்ற ஜெர்மானிய நிறுவனம் ராஸ்பெர்ரி, வெனிலா பெயரில் பழத் தேநீர் ஒன்றை விற்றது. பெட்டியின் மேல் ராஸ்பெர்ரிப் பழங்களும் வெனிலாப் பூக்களும் வரையப்பட்டிருந்தன. உள்ளே ராஸ்பெர்ரியும் இல்லை, வெனிலாவும் இல்லை. அவற்றிலிருந்து எடுத்த மணப்பொருள்கூட இல்லை. ஆனால் மூலப்பொருள் பட்டியலில் பொய் ஏதும் கிடையாது. ‘வெனிலாச் சுவையுள்ள இயற்கை மணமூட்டி’ என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். சொற்களை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ‘இயற்கை வெனிலா மணமூட்டி’ என்று போட்டால் அதில் குறைந்தது 95 சதவீதம் வெனிலாவிலிருந்தே வந்திருக்க வேண்டும். ‘வெனிலாச் சுவையுள்ள’ என்று மாற்றிப்போட்டால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வேறெந்த இயற்கைப் பொருளிலிருந்து எடுத்திருந்தாலும் செல்லும்.

ஜெர்மன் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015 ஜூன் மாதம் தந்த விளக்கம் உணவுச் சட்டம் படிப்பவர்கள் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் ஒன்று. பின்பக்கப் பட்டியல் சரியாகவும் முழுமையாகவும் இருந்தாலும்கூட, முன்பக்கப் படமும் பெயரும் மனத்தில் பதித்துவிட்ட தவறான எண்ணத்தை அழிக்க அது போதாமல் போகலாம் என்றது அது. அந்த வருட இறுதியில் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

வெனிலாவின் கதையையும் இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உயர்வகைச் சுவை ஒன்று எப்படித் தன் செடியிலிருந்து கழன்று தனியே உலவத் தொடங்குகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மெக்சிகோவிலிருந்து கொண்டுபோன வெனிலாக் கொடி இந்தியப் பெருங்கடல் தீவுகளில் படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. 1841ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற அடிமைச் சிறுவன், அப்போது அவனுக்கு 12 வயது, மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவுக்குள் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் அந்தத் தொழில்நுட்பம்தான். பூ விரிவது ஒரு நாள் மட்டுமே. அதற்குள் ஒவ்வொன்றையும் கையால் தொட வேண்டும். காய் முற்ற மாதக்கணக்காகும். பறித்த பிறகு வேகவைத்து, வெயிலில் காயவைத்து, போர்த்தி வியர்க்கவைத்துப் பதப்படுத்த இன்னும் சில மாதங்கள். இத்தனைக்கும் பிறகு அந்தக் கறுத்த காயின் எடையில் வெனிலின் என்னும் முதன்மை மணப்பொருள் இருப்பது சுமார் 2 சதவீதம்.

1874ல் ஃபெர்டினாண்ட் டீமன், வில்ஹெல்ம் ஹார்மன் என்ற இரு ஜெர்மன் வேதியியலாளர்கள் ஊசியிலை மரச் சாற்றிலிருந்து அதே வெனிலினைச் செய்து காட்டினார்கள். பிறகு கிராம்பு எண்ணெயிலிருந்து, அப்புறம் காகித ஆலைகளின் கழிவுநீரிலிருந்து, இப்போது பெரும்பாலும் பெட்ரோலிய மூலத்திலிருந்து வரும் குவயகோல் என்னும் சேர்மத்திலிருந்து. உலகம் தின்னும் வெனிலாச் சுவையில் கொடியிலிருந்து வருவது மிகச் சிறு பங்கே. மடகாஸ்கரில் புயலும் பற்றாக்குறையும் சேர்ந்து 2018 வாக்கில் பதப்படுத்திய காய் கிலோ 600 டாலரைத் தொட்டபோது அது வெள்ளியின் விலையைத் தாண்டியிருந்தது.

ஆலை வெனிலின் நஞ்சு அல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். அது காயில் இருக்கும் அதே மூலக்கூறுதான். உலகத்துக் குழந்தைகள் எல்லாம் ஐஸ்கிரீம் தின்னும் அளவுக்கு வெனிலாக் கொடி வளர்க்கவும் முடியாது. ஐந்து ரூபாய் பிஸ்கட்டில் அந்த மணம் கிடைப்பது நல்லதே. என் குறை மணமூட்டியின் மீது அல்ல. அந்த ஐந்து ரூபாய் மணத்துக்கு மேலே விரிந்த வெனிலாப் பூவையும் நீளமான கறுப்புக் காயையும் அச்சிட்டு, விலையையும் ஏற்றி விற்பதன் மீதுதான். அதில் ஏமாறுபவர் வாங்குபவர் மட்டுமல்ல. 2000களின் தொடக்கத்தில் வெனிலா விலை ஏறியபோது கேரளத்திலும் கர்நாடகத்திலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் பாக்கு, தென்னைகளுக்கு ஊடே எத்தனையோ விவசாயிகள் அந்தக் கொடியை நட்டார்கள். விடியற்காலையில் குடும்பத்தோடு தோட்டத்தில் இறங்கிப் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்த்தார்கள். விலை உச்சத்துக்குப் போனதும் பெரிய நிறுவனங்கள் செயற்கைப் பொருளுக்கு மாறின. 2004க்குப் பிறகு சந்தை சரிந்தது. பெட்டிகளின் மேல் வெனிலாப் பூ மட்டும் வாடவே இல்லை. பூவின் படத்துக்குப் பூ வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால் அந்தக் கொடிகளில் சிலவாவது தப்பியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஆய்வகத்தில் இந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வெனிலாக் கொடி கார்பன் அணுக்களைச் சேர்த்துக்கொள்ளும் முறை பைன் மரத்தைவிட வேறுபட்டது. அதனால் கார்பன்-13 என்ற கனமான வகையின் விகிதத்தை அளந்தால் மூலம் தெரியும். கலப்படக்காரர்கள் உடனே ஆலை வெனிலினில் கார்பன்-13ஐச் செயற்கையாகச் சேர்த்து அந்த அளவைச் சரிக்கட்டத் தொடங்கினார்கள். மூலக்கூறின் எந்த இடத்தில் எந்த அணு உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் காந்த ஒத்ததிர்வு முறை அதற்குப் பிறகு வந்தது. இவ்வளவு நுட்பமான போர் நடப்பது சாற்றையும் காயையும் மொத்தமாக வாங்குபவர்களுக்காக. கடையில் ஒரு டப்பா வாங்குகிறவருக்கு யாரும் கார்பன் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் நாக்குக்கு இன்னும் நெருக்கமானது பாதாம். ‘பாதாம் வாசனை’ என்று நாம் எல்லோரும் அறிந்த அந்த இனிய, சற்றே காரமான மணம் பென்சால்டிஹைடு என்ற சேர்மத்தினுடையது. கசப்பு வாதுமையையோ ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பையோ நசுக்கும்போது அது வெளிப்படும். நாம் இரவில் ஊறவைத்துக் காலையில் தோலுரித்துக் குழந்தைக்குக் கொடுக்கும் இனிப்பு வாதுமையில் அந்த மணம் கிட்டத்தட்டக் கிடையாது. ஒரு பருப்பை மென்று பாருங்கள்: பால் போன்ற, கொழுப்பின் மென்மை மட்டும் இருக்கும். திருமண வீட்டுப் பாதாம் பாலில் மூக்கைத் துளைப்பது எசன்ஸ். அந்த எசன்ஸில் இருக்கும் பென்சால்டிஹைடு பெரும்பாலும் டொலுவீன் என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்து தயாராகிறது. பச்சை நிற ‘பிஸ்தா’ ஐஸ்கிரீம் பலவற்றிலும் பிஸ்தா என்று நாம் நினைக்கும் வாசனை இதுவேதான். உண்மையான பிஸ்தாவை அரைத்து ஐஸ்கிரீம் செய்தால் நிறம் மங்கிய பாசிப் பச்சையாகவும், மணம் வறுத்த கொட்டையின் மணமாகவும் இருக்கும். அதை முதல்முறை சாப்பிடுகிற பிள்ளை ‘இது பிஸ்தா மாதிரியே இல்லையே’ என்கிறது. என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான். போலி முதலில் பர்ஸைத் தொடுகிறது. பிறகு நினைவைத் தொடுகிறது. ஒரு தலைமுறைக்கு எசன்ஸே அசலின் அளவுகோலாகிவிட்டால், அசலை விளைவிப்பவன் அதைச் சுவையற்றது என்று சொல்லக் கேட்க வேண்டியிருக்கும்.

சில மாதங்களுக்கு முன் மதுரையின் புறநகரில் ஒரு மளிகைக் கடையில் நின்றிருந்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கையில் பால் பவுடர் டப்பா ஒன்றை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். டப்பாவின் மேல் ஊதா நிறக் குங்குமப்பூ மலர் விரிந்திருந்தது; அதன் நடுவிலிருந்து சிவந்த இழைகள்; பக்கத்தில் இரண்டு பாதாம் பருப்பு. “தம்பி, மக முழுகாம இருக்கா. இதுல குங்குமப்பூ போட்டிருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றார். திருப்பிப் பார்த்தேன். சர்க்கரை, பால் பொருள்கள், அடைப்புக்குறிக்குள் மிகச் சிறிய சதவீதத்தோடு பாதாம், நிறமிகளின் எண்கள் 102, 110, கடைசியில் ‘நேச்சர் ஐடென்டிகல்’ மணமூட்டி. குங்குமப்பூ என்ற சொல்லே பட்டியலில் இல்லை. எல்லாம் ஆங்கிலத்தில். இல்லைங்கம்மா என்றேன். அவர் டப்பாவை என் கையிலிருந்து வாங்கி அந்த மலரை ஒருமுறை பார்த்தார். “அப்போ படம் மட்டும் எதுக்குப் போட்டான்?”

லக்ஸம்பர்க்கில் நீதிபதிகள் முன்னால் இருந்ததும் இந்தக் கேள்விதான். நம் ஊரில் அதற்கு இன்னும் கூடுதல் எடை உண்டு. ஜெர்மனியில் முன்பக்கமும் பின்பக்கமும் வாங்குபவரின் தாய்மொழியிலேயே இருந்தன. இங்கே உணவுப் பொட்டலத்தின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருந்தால் சட்டத்துக்குப் போதும். வேறு மொழியையும் கூடச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்பதோடு விதி நின்றுகொள்கிறது. ஆகவே தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த கோடிக்கணக்கானவர்களுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. அவர்களிடம் பேசுவது படம் மட்டுமே. படம் எல்லா மொழியிலும் பொய் சொல்லும். திருத்தம் இரண்டே மொழிகளில் வரும். பட்டியலைப் படித்திருக்க வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு என்ற அமெரிக்க வாதத்தை இந்த மளிகைக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தால் அதன் கொடுமை புரியும்.

இத்தனைக்கும் நம் விதிகள் வெறுமையானவை அல்ல. பெயர்ச்சொற்களை அவை நன்றாகவே காவல் காக்கின்றன. ஐஸ்கிரீம் என்று விற்க வேண்டுமானால் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு வேண்டும். தாவரக் கொழுப்பில் செய்தால் ‘ஃப்ரோஸன் டெசர்ட்’ என்று போட்டாக வேண்டும். இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி அமுல் எடுத்த விளம்பரங்களை எதிர்த்து 2017ல் இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. ஆனால் அப்படி இரண்டு வகை இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சாக்லேட்டுக்கும் இத்தகைய வேலி உண்டு.

பழத்துக்கு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, பழம் இல்லாமல் பழ மணம் மட்டுமே உள்ள பொருளைப் பழப் பொருள் என்று சொல்லக் கூடாது. சொல்லாலோ படத்தாலோ பழம் இருப்பதாக எண்ணவைக்கும் பொருளின் மேல் ‘இன்ன பழத்தின் ஃப்ளேவர்ட்’ என்று தெளிவாக எழுத வேண்டும். ‘படத்தாலோ’ என்று சட்டமே சொல்லியிருக்கிறது. நான்கு வருடம் கழித்து லக்ஸம்பர்க் வந்து சேர்ந்த கருத்தின் பாதித் தூரத்தை அது ஏற்கெனவே கடந்திருந்தது. 2024 ஜூனில், செறிவூட்டிய சாற்றில் தண்ணீர் கலந்து செய்த பானங்களின் மேல் ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று போடுவதை நீக்கும்படி அதே ஆணையம் உத்தரவிட்டதும் இந்த வழியில்தான்.

குங்குமப்பூவுக்கும் பிஸ்தாவுக்கும் வெனிலாவுக்கும் பழத்துக்குப் போட்டதைப் போன்ற வெளிப்படையான விதி வேண்டும். படத்தில் காட்டிய பொருளின் சதவீதத்தைச் சொல்ல வேண்டும் என்ற பொது விதி இருக்கிறது. பொய்யான, மயக்கும் விவரணை கூடாது என்ற பொது விதியும் இருக்கிறது. ஆனால் ‘ஃப்ளேவர்’ என்ற ஒரு சொல்லைச் சிறிய எழுத்தில் ஓரத்தில் வைத்துவிட்டால் மலரைப் பெரிதாக வரைந்துகொள்ளலாம் என்ற நடைமுறையை அவை நிறுத்தவில்லை. பட்டியலில் இல்லாத பொருளின் படம் முன்பக்கத்தில் வரக் கூடாது என்று ஒரே வரியில் எழுதிவிட முடியும். அந்தப் பொருளின் பெயரும் அளவும், படம் இருக்கும் அதே பக்கத்தில், விற்பனையாகும் மாநிலத்தின் மொழியில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. தமிழில் திரைப்பட நடிகையின் முகத்தோடு விளம்பரம் எடுக்கப் பணமுள்ள நிறுவனத்துக்குத் தமிழில் நான்கு சொல் அச்சிடுவது சுமையாக இருக்காது.

குங்குமப்பூப் போலி புதிதல்ல. பதினைந்தாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரம் குங்குமப்பூக் கலப்படத்துக்கென்றே தனிச் சட்டமும் சோதனையும் வைத்திருந்தது. 1444ல் ஒரு வணிகரை அவருடைய போலிச் சரக்கோடு சேர்த்தே எரித்துக் கொன்றார்கள். அந்தக் கொடூரம் யாருக்கும் வேண்டாம். அத்தனை ஆத்திரம் வரக் காரணமாக இருந்த உழைப்பு மட்டும் மாறவில்லை: ஒரு பூவில் மூன்றே இழைகள், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூக்கள். காஷ்மீரின் பாம்போர் வயல்களில் இலையுதிர் காலத்தின் சில வாரங்களில், விடியும்போதே குனிந்து கையால் பறிக்கிறார்கள். 2020ல் காஷ்மீர்க் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீடு இழையைக் காக்கும்; இழையின் படத்தைக் காக்காது.

கர்ப்பிணி குங்குமப்பூ சாப்பிட்டால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவில் இருக்கிறது, எந்தப் பூவாலும் அது மாறாது, மாறவும் வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லத் தோன்றியது. கடைக்குள் வைத்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் டப்பாவை அலமாரியில் பழைய இடத்திலேயே நேராக வைத்தார். “அண்ணாச்சி, நெசமான குங்குமப்பூ ஒரு கிராம் குடுங்க” என்றார். சின்னப் பிளாஸ்டிக் டப்பி வந்தது. அதைக் கையில் எடுத்து என் பக்கம் நீட்டி, “இது மட்டும் நெசம்னு எப்படித் தம்பி தெரியும்?” என்று கேட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு இழை போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டவுடன் சிவப்பாகச் சாயம் பரவி இழை வெளுத்துப்போனால் அது சாயமேற்றிய நார். நிறம் மெல்ல மெல்லப் பொன் மஞ்சளாக இறங்கி, கால் மணி நேரம் கழித்தும் இழை சிவப்பாகவே இருந்தால் நம்பலாம். “அவ்வளவு நேரம் ஆகுமா?” என்றார். ஆகும்மா என்றேன். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு டப்பியை முந்தானையில் முடிந்துகொண்டார்.